உம் கொட்டுகிறவர்

நாவல் எழுத வேண்டும் என்று ஆசை கொண்ட இளைஞர் ஒருவர் போன மாதம் என்னைப் பார்க்க வந்தார். கையில் ஒரு நோட்டுப் புத்தகம். அதில் கோடு கிழித்துக் கட்டம் கட்டமாகப் பிரித்து வைத்திருந்தார். கதைப் பின்னலுக்கு ஒரு கட்டம், பாத்திரங்களுக்கு ஒன்று, இடத்துக்கும் காலத்துக்கும் ஒன்று, சம்பாஷணைக்கு ஒன்று, கடைசியில் கருத்துக்கு ஒன்று. "ஐந்தையும் நிரப்பிவிட்டேன், ஐயா. ஆனால் முதல் வாக்கியம் மட்டும் வரமாட்டேன் என்கிறது" என்றார்.

அவரைப் பார்த்துச் சிரிக்க எனக்கு உரிமை இல்லை. முதல் நாவலை எழுத உட்கார்ந்தபோது இதே இடத்தில்தான் நானும் மூன்று மாதம் நின்றேன். அவருடைய கட்டங்களில் தவறு ஒன்றும் கிடையாது. இந்தக் கதையை யார் சொல்லுகிறார், யாருக்குச் சொல்லுகிறார் என்பதற்குத்தான் அவர் கட்டம் போடவில்லை. அது தெரியாமல் முதல் வாக்கியம் எங்கிருந்து வரும்?

என் பாட்டிக்கு இந்தக் கஷ்டம் இருந்ததில்லை. ராத்திரி சாப்பாடு முடிந்து திண்ணையில் சாய்ந்துகொள்வாள். நாங்கள் நாலைந்து பேர் சுற்றிப் படுத்திருப்போம். கதை ஆரம்பிக்கும் முன் அவள் போடும் நிபந்தனை ஒன்றே ஒன்றுதான்: யாராவது ஒருவன் 'உம்' கொட்ட வேண்டும். 'ஒரே ஒரு ஊரிலே ஒரே ஒரு ராஜா' என்பாள், 'உம்' என்போம். உம் மெலிந்தால் ராஜாவை விட்டுவிட்டு ராட்சசனைக் கொண்டுவருவாள். உம் வேகமாக வந்தால் வேண்டுமென்றே நிறுத்தி வெற்றிலையை மடிப்பாள். உம் நின்றுவிட்டால் கதையும் நின்றுவிடும். பிள்ளைகள் தூங்கிவிட்டன என்று அர்த்தம். கதையின் நீளம், வேகம், திருப்பம் எல்லாவற்றையும் அந்த ஓர் எழுத்து நடத்திக்கொண்டிருந்தது.

ஆங்கில நாவலாசிரியர் ஈ. எம். பார்ஸ்டர் 1927-ல் கேம்பிரிட்ஜில் நாவலைப் பற்றிச் சில பிரசங்கங்கள் செய்தார். 'அப்புறம்?' என்று கேட்க வைப்பது கதை, 'ஏன்?' என்று கேட்க வைப்பது கதைப் பின்னல் என்று அதில் பாகுபாடு செய்கிறார். நல்ல பாகுபாடுதான். ஆனால் 'அப்புறம்?' என்று கேட்பதற்கு எதிரே ஓர் ஆள் வேண்டும் அல்லவா? வில்லுப்பாட்டில் அந்த ஆளைப் பக்கத்திலேயே உட்கார வைத்திருக்கிறார்கள்; புலவர் ஓரடி சொன்னால் பின்பாட்டுக்காரர் 'ஆமா' போடுவார். அச்சு இயந்திரம் வந்தபோது நம் கதைகள் பின்னலை இழக்கவில்லை, பாத்திரங்களை இழக்கவில்லை. இழந்தது அந்த ஆளைத்தான். தமிழ் வசனக் கதையின் சரித்திரத்தைப் பார்த்தால், சொல்லுகிறவர்கள் தலைமுறை தலைமுறையாக அந்த ஆளைத் தேடிக்கொண்டிருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது.

வீரமாமுனிவரின் பரமார்த்த குருவின் கதையிலிருந்து தொடங்கலாம். பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அந்த இத்தாலியப் பாதிரியார் எழுதியது, 1822-ல் லண்டனில் பெஞ்சமின் பாபிங்டன் ஆங்கில மொழிபெயர்ப்போடு அச்சிட்டது. மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்ற ஐந்து சீடர்களும் குருவும் ஆற்றைக் கடக்கிறார்கள். கரை ஏறியதும் எல்லாரும் வந்துவிட்டோமா என்று எண்ணிப் பார்க்கிறார்கள். எண்ணுகிறவன் ஒவ்வொரு தடவையும் தன்னை விட்டுவிட்டு எண்ணுகிறான். ஓர் ஆள் குறைகிறது. ஆறு விழுங்கிவிட்டது என்று அழுகிறார்கள். வழியே வந்த ஒருவன் ஆளுக்கு ஓர் அடி கொடுத்து எண்ணச் சொன்ன பிறகுதான் கணக்குச் சரியாகிறது. கதையின் உறுப்புகளை எண்ணும்போது சொல்லுகிறவனை விட்டுவிட்டு எண்ணுகிற நம்மைப் போன்றவர்களுக்கும் அந்த வழிப்போக்கன் தேவைதான்.

அந்தக் கதையை முனிவர் வசனத்தில் எழுதியதற்கு, இங்கே வரும் ஐரோப்பியருக்குத் தமிழ் பழக்க வேண்டும் என்பதும் ஒரு காரணம். பின்னால் சென்னைக் கோட்டைக் கல்லூரியில் தாண்டவராய முதலியார் பஞ்சதந்திரத்தை வசனமாக்கியதும் பாடப்புத்தகத் தேவையை ஒட்டித்தான். ஆகவே நமது அச்சு வசனக் கதையின் முதல் வாசகன் பரீட்சைக்குப் படிக்கிறவன். அவன் உம் கொட்டமாட்டான், அர்த்தம் எழுதுவான்.

மாயூரம் வேதநாயகம் பிள்ளை வித்தியாசமான மனிதர். மாயூரத்தில் முன்சீபாக இருந்தவர். கோர்ட்டில் ஆயிரம் பேர் ஆயிரம் விதமாகத் தங்கள் கதையைச் சொல்லக் கேட்டவர். யார் எதைக் கண்ணால் கண்டார், எதைக் காதால் கேட்டார் என்று பிரித்துப் பார்ப்பது அவருக்குத் தொழில். 1879-ல் வெளிவந்த பிரதாப முதலியார் சரித்திரத்தில் அவர் செய்த முதல் காரியம், கதையைத் தாம் சொல்லாமல் பிரதாப முதலியிடம் விட்டதுதான். தமிழின் முதல் நாவல் 'நான்' என்று பேசுகிறது. சத்தியபுரியில் செல்வக் குடும்பத்தில் பிறந்ததையும், தான் பாடம் படிக்காததற்கு உபாத்தியாயர் மகன் அடி வாங்கியதையும் பிரதாபன் தானே சொல்லும்போது ஓர் அசட்டுத்தனமான நேர்மை வருகிறது. வேறு யார் சொல்லியிருந்தாலும் அது வராது.

ஆனால் 'நான்' என்பதில் ஒரு சங்கடம் உண்டு. நான் இல்லாத இடத்தில் நடந்தது எனக்கு எப்படித் தெரியும்? பிரதாபன் வழிதவறிப் போன பிறகு, ஆண் வேஷத்தில் இருந்த ஞானாம்பாளுக்கு விக்கிரமபுரியின் பட்டத்து யானை மாலை போட்டு அவளை ராஜா ஆக்கிவிடுகிறது. நாவலின் உயிரான கட்டம் அது. கதை சொல்லுகிறவனோ அங்கே இல்லை. பின்னால் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. அந்த நாவலில் கிட்டத்தட்ட எல்லாரும் எல்லாருக்கும் கதை சொல்லுகிறார்கள் என்பதைப் படித்தவர்கள் அறிவார்கள். 'கிளைக் கதைகள் மலிந்துவிட்டன' என்று விமரிசகர்கள் குறை சொல்லுவார்கள். எனக்கு அது குறையாகப் படுவதில்லை. அச்சில் காணாமற்போன திண்ணையைப் புத்தகத்துக்குள்ளேயே கட்டிக்கொண்டார் பிள்ளை. ஒரு பாத்திரம் சொல்ல, இன்னொரு பாத்திரம் உம் கொட்டுகிறது.

குறை வேறிடத்தில் இருக்கிறது. முக்கியப் பாத்திரங்களை நற்குணம் நிறைந்தவர்களாகவே படைத்ததற்கு அவர் தம் முகவுரையில் டாக்டர் ஜான்சனைத் துணைக்கு அழைக்கிறார். முன்சீப் அல்லவா, முன்தீர்ப்புக் காட்டிவிடுகிறார்! ஞானாம்பாள் தவறு செய்யவே மாட்டாள் என்று தெரிந்துவிட்டால், சிம்மாசனத்தில் அவள் உட்காரும்போது நமக்கு என்ன பயம் இருக்கும்?

அடுத்தாற்போல் வருகிறவர் வத்தலக்குண்டு ராஜம் ஐயர். கமலாம்பாள் சரித்திரத்தை 1893-ல் விவேக சிந்தாமணி மாதப் பத்திரிகையில் எழுதத் தொடங்கியபோது அவருக்கு வயது இருபத்தொன்று. இருபத்தாறு முடிவதற்குள் காலமாகிவிட்டார். இருந்தவரைக்கும் அவரைப் போலத் தமிழில் ஒரு கிராமத்தை எழுத்தில் எழுப்பியவர் யாரும் இல்லை. மதுரை ஜில்லாவில் சிறுகுளம். முத்துஸ்வாமி ஐயர் வீடு. ஊர்ப் பெண்கள் கூடி ஊரையே அலசித் துவைக்கும் வம்பர் மகாசபை. ஆடுசாபட்டி அம்மையப்ப பிள்ளை என்ற தமிழ்ப் பண்டிதர். அவர் வாயைத் திறந்தால் நமக்கு வயிறு வலிக்கும்.

ராஜம் ஐயர் 'நான்' என்ற பாத்திரத்தை வைக்கவில்லை. எங்கும் போய்வரக்கூடிய ஒருவராகத் தாமே நின்று கதை சொல்லுகிறார். ஆனால் சும்மா நிற்பதில்லை. நடுநடுவே வாசகர் பக்கம் திரும்பிப் பேசுகிறார், கிண்டல் செய்கிறார். மாதம் ஒரு முறை பத்திரிகை வருகிறது. வாசகர் எங்கோ இருக்கிறார். அந்த இடைவெளியைத் தம் குரலால் நிரப்பப் பார்க்கிறார். சொல்லப்போனால், கதையையும் சொல்லி, உம்மையும் தாமே கொட்டிக்கொள்கிறார். அந்த உற்சாகம் நாவலின் முற்பகுதியில் பொங்கி வழிகிறது. பிற்பகுதியில் வேதாந்தம் கனத்துப்போகிறது. முடிக்கும்போது, கதை சொல்வது தமக்கு முக்கிய நோக்கமல்ல, ஓர் ஆத்மா பட்டபாடும் அது அடைந்த சாந்தியுமே நோக்கம் என்று எழுதுகிறார். அவர் மனத்தில் பொய் இல்லை. ஆனால் அந்த வாக்கியத்தை அம்மையப்ப பிள்ளை நம்பமாட்டார்; நானும் நம்புவதில்லை. வம்பர் மகாசபையை அவ்வளவு ருசியோடு எழுதியவருக்குக் கதை முக்கியமாக இல்லாமல் இருந்திருக்க முடியாது.

அதே விவேக சிந்தாமணியில், ராஜம் ஐயருக்கும் ஒரு வருஷம் முன்னால், 1892-ல், அ. மாதவையா சாவித்திரி சரித்திரம் என்று ஒன்று தொடங்கி, அது பாதியில் நின்றுபோயிற்று. 1903-ல் அதுவே முத்துமீனாக்ஷி என்ற பெயரில் புத்தகமாக வந்தது. மாதவையாவின் பத்மாவதி சரித்திரத்தைப் பேசுகிற அளவுக்கு இந்தச் சிறிய புத்தகத்தைப் பேசுவதில்லை. எனக்கு இதுதான் பெரிது. குழந்தையாகக் கல்யாணமாகி, மாமியார் வீட்டில் வதைபட்டு, விதவையாகி, மறுமணம் செய்துகொள்ளும் பிராமணப் பெண் தன் கதையைத் தானே சொல்லுகிறாள். அந்தக் காலத்தில் விதவையைப் பற்றிப் பேசாத சீர்திருத்தவாதி இல்லை. எல்லாரும் அவளைப் பற்றிப் பேசினார்கள். மாதவையா வாயை அவளிடம் கொடுத்தார். உப்பு இலாகாவில் குதிரை ஏறித் திரிந்த ஓர் ஆண்பிள்ளை, மூலையில் உட்காரவைக்கப்பட்ட ஒரு பெண்ணின் 'நான்' ஆகப் பேச முயன்றார். சில இடங்களில் அவளுடைய குரலுக்குள் அவருடைய பிரசங்கம் கேட்கத்தான் செய்கிறது. ஆனாலும் அனுதாபம் வேறு, இது வேறு. அனுதாபத்தில் நாம் திண்ணையில் இருக்கிறோம், அவள் உள்ளே இருக்கிறாள். அவள் 'நான்' என்று தொடங்கிவிட்டால் நாமும் அந்த மூலையில் போய் உட்கார வேண்டியிருக்கிறது.

1915-ல் விவேகபோதினியில் குளத்தங்கரை அரசமரம் வெளிவந்தது. எழுதியவர் வ. வே. சு. ஐயர், வெளிவந்தது அவர் மனைவி பாக்கியலட்சுமி அம்மாளின் பெயரில். கதை சொல்லுவதோ ஒரு மரம். இப்படி மூன்று திரைக்குப் பின்னால் இருந்து வந்த கதையைத்தான் தமிழின் முதல் சிறுகதை என்று நெடுங்காலமாகச் சொல்லி வருகிறார்கள். முதல்தானா என்று சண்டை போடுகிறவர்களும் உண்டு. படித்துறை ஒன்று தன் கதையைச் சொல்லுவதாகத் தாகூர் வங்காளியில் எழுதிய கதையின் சாயல் என்பதும் ஊரறிந்த விஷயம். அந்தச் சண்டைகளில் எனக்கு ருசி இல்லை. மரத்தைக் கதை சொல்ல வைத்ததால் என்ன நடந்தது என்பதுதான் என் கேள்வி.

மரத்துக்கு இடம் பெயரத் தெரியாது. தன் நிழலுக்கு வருகிறவர்கள் பேசுவதுதான் அதற்குச் செய்தி. காமேசுவரையரின் பணம் அர்பத்நாட் கம்பெனி முறிந்தபோது போயிற்று என்பதும் குளத்துக்கு வருகிறவர்களின் பேச்சாகவே அதன் காதில் விழுகிறது. 1906-ல் சென்னையில் நடந்த அந்த முறிவு எத்தனையோ குடும்பங்களைத் தெருவுக்குக் கொண்டுவந்தது. அந்தப் பெரிய சரித்திரம் முழுவதும் குளத்தங்கரை வம்பு என்ற சின்னத் துவாரத்தின் வழியே கதைக்குள் நுழைகிறது. ருக்மிணி ஏழையாகிவிட்டாள் என்று அவள் புருஷன் நாகராஜனுக்கு வேறு கல்யாணம் நிச்சயிக்கிறார்கள். அவன் சம்மதிப்பது போல நடிக்கிறான். கடைசி நேரத்தில் எல்லாரையும் ஏமாற்றிவிட்டு ருக்மிணியிடமே வந்துவிடுவது அவன் எண்ணம். அதை நண்பன் சீனிவாசனிடம் சொல்லுகிறான். மரத்துக்குத் தெரிந்துவிடுகிறது. ருக்மிணிக்குத் தெரியாது. அவள் குளத்தில் இறங்கிவிடுகிறாள்.

இதைச் சாதாரணமாக ஒருவர் சொல்லியிருந்தால், ஒரு விபரீத விளையாட்டு, அதனால் ஒரு சாவு என்று முடிந்திருக்கும். சொல்லுகிறது மரமானதால், தெரிந்தும் வாய் திறக்க முடியாத ஒரு சாட்சி நம் பக்கத்தில் நிற்கிறது. படிக்கும்போது நாமும் அதே நிலையில்தான் இருக்கிறோம். 'அவன் உன்னை விடவில்லை அம்மா' என்று சொல்லத் துடிக்கிறோம், சொல்ல முடியவில்லை. இது பின்னலின் சாமர்த்தியம் அல்ல. இன்னார் சொல்லுகிறார் என்று தீர்மானித்த கணத்திலேயே பின்னல் தானாக விழுந்துவிட்டது. நோட்டுப் புத்தக இளைஞருக்கு நான் முதலில் படிக்கக் கொடுத்தது இந்தக் கதையைத்தான்.

ஒரு வருத்தம் மட்டும் உண்டு. முடிவில் மரம் புத்தி சொல்லுகிறது: பெண்கள் மனம் நோக, விளையாட்டுக்காகக்கூட ஒன்றும் செய்யாதீர்கள் என்கிறது. நியாயமான புத்திதான். ஆனால் அதுவரை நம்மோடு நின்று தவித்த மரம் அந்த இடத்தில் மேடை ஏறிவிடுகிறது. நம் துக்கத்துக்கு ஒரு பயன் கற்பித்து, அதைக் கொஞ்சம் குறைத்துவிடுகிறது.

அந்த மேடையிலிருந்து கதையை இறக்கியது மணிக்கொடி. 1933-ல் வாரப் பத்திரிகையாகத் தொடங்கி, 1935-லிருந்து பி. எஸ். ராமையாவின் கையில் சிறுகதைப் பத்திரிகையாக நடந்தது. கு. ப. ராஜகோபாலன், மௌனி, புதுமைப்பித்தன் ஆகியோர் ஒரே கூரையின் கீழ் எழுதினாலும் ஒருவர் குரல் மற்றவருக்கு இல்லை. கு. ப. ரா. கணவனும் மனைவியும் பேசும் நாலு வார்த்தைகளுக்கு நடுவில் மறைந்துகொள்வார். மௌனி தமக்குத்தாமே சொல்லிக்கொள்வதுபோல் இருக்கும். நாம் ஒட்டுக் கேட்கிறோமோ என்று கூச்சமாகக்கூட இருக்கும்.

புதுமைப்பித்தன் பேசாத குரல் இல்லை. நையாண்டி வேண்டுமா, கடவுளையே கந்தசாமிப் பிள்ளையோடு காப்பி சாப்பிட அனுப்புவார். ஆனால் 1943-ல் எழுதிய செல்லம்மாளில் அந்த நையாண்டிக்காரர் வாயை மூடிக்கொள்கிறார். ஆரம்பத்திலேயே செல்லம்மாள் இறந்துவிடுகிறாள். 'அப்புறம்?' என்று கேட்கிற ஆசையை முதல் வரியிலேயே வெட்டிவிட்டார்! சென்னைப் பட்டணத்தில் ஜவுளிக் கடைச் சிப்பந்தியான பிரமநாயகம் பிள்ளை, உறவென்று சொல்ல அருகில் யாரும் இல்லாமல், செய்ய வேண்டிய காரியங்களை ஒவ்வொன்றாகச் செய்கிறார். பிறகு கதை பின்னால் போய், நோய்க்காரியோடு அவர் கழித்த நாட்களைக் காட்டுகிறது. அவர் நல்லவரா, அவளை நேசித்தாரா, அவள் போனது அவருக்கு விடுதலையா என்று ஆசிரியர் ஓர் இடத்திலும் தீர்ப்புச் சொல்லவில்லை. வேதநாயகம் பிள்ளை பாத்திரங்களுக்கு முன்கூட்டியே நற்சாட்சிப் பத்திரம் கொடுத்தார். மரம் கடைசியில் தீர்ப்புச் சொல்லிற்று. இங்கே இரண்டும் இல்லை. மனிதர் மட்டும் இருக்கிறார். அறுபத்து நான்கு வருஷத்தில் தமிழ்க் கதை நடந்த தூரம் இது.

இதைப் படித்துவிட்டு, ஆசிரியர் வாயைத் திறப்பதே பாவம் என்று ஒரு கட்சி கிளம்பிற்று. நானும் கொஞ்ச காலம் அந்தக் கட்சியில் இருந்தேன். பிறகு ஒரு வாரப் பத்திரிகையில் தொடர்கதை எழுதும் வேலை வந்தது. நான் சாகடிக்கத் திட்டமிட்டிருந்த ஒரு கிழவியைக் காப்பாற்றச் சொல்லி வாசகர்களிடமிருந்து கடிதங்கள் வந்தன. ஆசிரியரும் சொல்லிப் பார்த்தார். கிழவி பிழைத்துக்கொண்டாள், கதை செத்துவிட்டது. அப்போதுதான் கல்கியின் சாமர்த்தியம் எனக்கு விளங்கிற்று. பொன்னியின் செல்வனை 1950 முதல் 1954 வரை வாராவாரம் எழுதியபோது, முதல் அத்தியாயத்திலேயே வாசகரைக் கற்பனை ஓடத்தில் ஏறச் சொல்லிக் கூப்பிடுகிறார். கடைசியில் முடிவுரை ஒன்று எழுதி, இன்னின்னார் பிற்பாடு என்ன ஆனார்கள் என்று கேட்டவர்களுக்குப் பதில் சொல்லுகிறார். அச்சில் தொலைந்த உம் தபாலில் திரும்பி வந்துவிட்டது. அவர் அதைக் கேட்டார், சிரித்துப் பதில் சொன்னார். என்னைப் போல அதன் கையில் பேனாவைக் கொடுக்கவில்லை.

1976-ல் கி. ராஜநாராயணனின் கோபல்ல கிராமம் வந்தது. கரிசல் காட்டு இடைசெவலைச் சேர்ந்த அவருக்கு அச்சுக்கு முந்திய கதைசொல்லிகளோடு உறவு அறுந்ததே இல்லை. அந்த நாவலில் நூறு வயசைத் தாண்டிய மங்கத்தாயாரு அம்மாள் இருக்கிறாள். தெலுங்கு தேசத்திலிருந்து அவர்கள் முன்னோர் தப்பி ஓடிவந்த கதையை, வீட்டுப் பிள்ளைகளைச் சுற்றி உட்காரவைத்துக்கொண்டு சொல்லுகிறாள். அது உண்மையில் எப்படி நடந்தது என்று யாரும் அவளைக் கேட்பதில்லை. அந்தப் பக்கங்களை நான் படித்தது ரயிலில். எதிரே உட்கார்ந்திருந்த பெரியவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். சிறிது நேரம் பொறுத்து, "என்ன தம்பி, யாரோ சொல்றதுக்கு உம் கொட்டிட்டே வர்றீங்க?" என்று கேட்டார்.